குறிப்பெடுக்க எந்தச் செயலி? உள்ளே நுழையுமுன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி. சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் ஐபேட், குரோம்புக் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. சாதனங்களை நிர்வகிக்கப் பள்ளிகள் பயன்படுத்திய மொபைல் கார்டியன் தளத்துக்குள் யாரோ ஊடுருவியதுதான் காரணம். கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லா மாணவர்களின் சாதனங்களிலிருந்தும் நீக்கியது.

ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. குறிப்புகளுக்கு மேகத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மறுபடி உள்நுழைந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. சாதனத்துக்குள் மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. இரண்டு தரப்பினரும் வகுப்பில் ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி குறிப்பெடுத்தவர்கள். குறிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

மேசைக்கணினிக்கோ மடிக்கணினிக்கோ ஒரு குறிப்புச் செயலி தேடும்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது என்ன? அழகா இருக்கா, இலவசமா, நண்பர்கள் பயன்படுத்துறாங்களா, யூடியூபில் யாராவது புகழ்ந்தாங்களா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாளைக்கு இந்தச் செயலியை விட்டு வெளியேறணும்னா, என் குறிப்புகள் என்னோடு வருமா?

அப்படி எத்தனை செயலி காணாமல் போகும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வுண்டர்லிஸ்ட் என்று ஒரு செயலி இருந்தது. செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட உதவுவது, பெர்லினில் உருவானது. மைக்ரோசாஃப்ட் 2015இல் அதை வாங்கியது. 2020 மே 6ஆம் தேதி மூடியது. அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் டூ டூ வந்தது. பட்டியல்களை அங்கே கொண்டுபோக வழி செய்து கொடுத்தார்கள் என்பதால் பெரிய இழப்பில்லை. ஆனாலும் பழகிய வீட்டைக் காலி செய்வது போலத்தான்.

ஸ்கிஃப் இன்னும் வேகமாக மறைந்தது. தகவல்களை மறையாக்கம் செய்து பாதுகாக்கும் சேவை என்று பெயர் வாங்கியிருந்தது. 2024 பிப்ரவரியில் நோஷன் நிறுவனம் அதை வாங்குவதாக அறிவித்தது. ஆறே மாதத்தில், ஆகஸ்ட்டில், சேவை நின்றுபோனது.

மூடாமலேயே கதவைக் குறுக்கிவிடுவதும் உண்டு. குறிப்புச் செயலி என்றாலே எவர்நோட் என்று இருந்த காலம் ஒன்று. 2022 நவம்பரில் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் அதை வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது: மொத்தம் 50 குறிப்பு, ஒரே ஒரு குறிப்பேடு. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்தவர்களால் பழையதைப் படிக்கலாம், திருத்தலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக ஒன்று எழுதணும்னா பணம் கட்டணும்.

இதில் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. இலவசமாக ஒன்றைத் தருபவருக்கு அதை நிறுத்தும் உரிமையும் உண்டு. நாம்தான் அதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

பள்ளிக் கணக்கு உங்கள் கணக்கா?

நிறுவனம் மூடுவதைவிட, மாணவர்களுக்கு அதிகம் நடப்பது வேறொன்று. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியில்தான் ஒன்நோட் திறந்தது. பாடக் குறிப்பு, இன்டர்ன்ஷிப் நாட்குறிப்பு, இறுதியாண்டுத் திட்டத்துக்குச் சேர்த்த தகவல் எல்லாம் அதற்குள். பட்டயம் வாங்கிச் சில மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் பழைய குறிப்பு ஒன்று தேவைப்படுகிறது. உள்நுழையப் பார்த்தால் கணக்கே இல்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை. பள்ளியோ கல்லூரியோ வேலையிடமோ கொடுக்கும் கணக்கு அவர்களுடையது. நீங்கள் அங்கே இருக்கும்வரைதான் அது உங்கள் கையில். அலுவலகக் கணக்குகள் வேலையின் கடைசி நாளன்றே மூடப்படுவதும் உண்டு.

அதனால் செயலி எதுவாக இருந்தாலும், எந்தக் கணக்கில் திறக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பாடம் சார்ந்த, ஆசிரியரோடு பகிரும் குறிப்பு பள்ளிக் கணக்கில் இருக்கட்டும். உங்களுக்கென்று வைத்துக்கொள்ள நினைப்பது சொந்தக் கணக்கில் இருக்கட்டும். சொந்தக் கூகல் கணக்கில் 15 கிகாபைட், ஒன்டிரைவில் 5 கிகாபைட் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துக் குறிப்புகளுக்கு அது தாராளம். படங்களும் ஒலிப்பதிவுகளும்தான் இடத்தைத் தின்னும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வேலைக்குப் போனபின் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றைச் சொந்தச் செயலியில் போட்டு வைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்தத் தகவலைக் காக்கும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்கு உண்டு. "வசதிக்காகத்தான் நோஷன்ல வச்சேன்" என்று பிறகு விளக்கம் சொல்வது நன்றாக இருக்காது.

குறிப்பு எங்கே வசிக்கிறது?

சந்தையில் நூறு செயலி இருந்தாலும், குறிப்பைச் சேமிக்கும் விதத்தில் அவற்றை மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

முதல் வகையில், குறிப்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். உங்கள் திரையில் தெரிவது அதன் பிம்பம் மாதிரி. நோஷன், கூகல் கீப் இந்த வகை. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் திறக்கலாம், குழுவாக எழுதலாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு திட்டம் செய்தால் நோஷனுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் இணையம் இல்லாவிட்டால்? நோஷனில் இணையமின்றிப் பக்கங்களைத் திறக்கும் வசதி 2025 ஆகஸ்ட்டில்தான் வந்தது. இலவசக் கணக்கில், எந்தப் பக்கம் வேண்டும் என்று நீங்களே முன்கூட்டிக் குறித்துவைக்கவேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 5 மெகாபைட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பும் உண்டு. விரிவுரையாளர் தரும் படங்கள் நிறைந்த ஸ்லைடுகள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இரண்டாவது வகையில், குறிப்பு உங்கள் கணினியில், சாதாரணக் கோப்பாக இருக்கும். அப்சிடியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020இல் வெளிவந்தது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு மார்க்டவுன் கோப்பு. மார்க்டவுன் என்றதும் பயந்துவிட வேண்டாம்: தலைப்புக்கு முன்னால் ஒரு கட்டக்குறி, அழுத்தமான எழுத்துக்கு இருபுறமும் இரண்டு நட்சத்திரக்குறி, மற்றதெல்லாம் வெறும் எழுத்து. நாளைக்கே அப்சிடியன் இல்லாமல் போனாலும் அந்தக் கோப்புகளை விண்டோஸின் நோட்பேட் திறக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து அலுவலக வேலைக்குப் பயன்படுத்துவதற்கும் உரிமக் கட்டணம் கட்டாயம் இல்லை. கணினிக்கும் தொலைபேசிக்கும் இடையே ஒத்திசைக்க அவர்கள் தரும் சேவைக்கு மட்டும் பணம். அது வேண்டாம் என்றால் கோப்புறையை ஒன்டிரைவுக்குள்ளோ ஐகிளவுடுக்குள்ளோ வைத்துவிடலாம்.

அப்படி ஒன்டிரைவுக்குள் வைப்பவர்கள் ஒன்றைச் செய்யவேண்டும். இடத்தை மிச்சப்படுத்த ஒன்டிரைவ் சில கோப்புகளை மேகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, கணினியில் பெயரை மட்டும் காட்டும். குறிப்புக் கோப்புறையை வலது சொடுக்கிட்டு, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திருக்கும்படி தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இணையம் இல்லாத நேரத்தில் குறிப்பு திறக்காது.

மூன்றாவது வகை இரண்டுக்கும் நடுவில். குறிப்பு உங்கள் கணினியிலும் இருக்கும், மேகத்திலும் இருக்கும், ஆனால் அந்தச் செயலிக்கு மட்டும் புரியும் வடிவத்தில். ஒன்நோட்டும் ஆப்பிள் நோட்சும் இப்படித்தான். ஒன்நோட்டில் காகிதத்தில் எழுதுவதுபோல் பக்கத்தின் எந்த மூலையிலும் எழுதலாம், பேனாவால் கிறுக்கலாம், சமன்பாட்டை வரையலாம். கணிதமும் இயற்பியலும் படிப்பவர்களுக்கு அதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இலவசமாக இல்லை. ஆனால் அந்தச் சுதந்திரமே வெளியேறும்போது தலைவலி. விண்டோஸ் கணினியில் முழுக் குறிப்பேட்டையும் வெளியே எடுக்கலாம். கிடைப்பது ஒன்றோ பிடிஎஃப், இல்லாவிட்டால் மறுபடி ஒன்நோட்டில்தான் திறக்கக்கூடிய தொகுப்பு.

இங்கேயே ஓர் அவசரத் தகவல். ஒன்நோட்டில் இரண்டு இருந்தன. அவற்றில், விண்டோஸ் 10க்கான ஒன்நோட் என்று பெயரிட்ட பழைய செயலிக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் இப்போது படிக்கத்தான் முடியும். வீட்டில் அம்மாவோ தம்பியோ பயன்படுத்தும் பழைய கணினியில் அது இருந்தால், ஒத்திசைக்கப்படாத பக்கங்கள் உள்ளேயே நின்றிருக்க வாய்ப்புண்டு. கணினியைத் தூக்கிப் போடுவதற்குமுன் திறந்து பாருங்கள்.

ஆப்பிள் நோட்ஸ் மேக்கும் ஐபோனும் வைத்திருப்பவர்களுக்கு மிக எளிது. விண்டோசில் அதற்கெனச் செயலி கிடையாது. உலாவியில் ஐகிளவுடு தளத்துக்குப் போகவேண்டும். வீட்டில் மேக், அலுவலகத்தில் விண்டோஸ் என்றால் கொஞ்ச நாளில் சலிப்பு வரும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26இல் குறிப்பை மார்க்டவுனாக வெளியே எடுக்கும் வசதி சேர்ந்திருப்பது நல்ல மாற்றம்.

தமிழருக்கு இது புதிய பாடமில்லை

கோப்பு இருக்கிறது, ஆனால் திறந்தால் படிக்க முடியவில்லை. இந்த அனுபவம் கணினியில் தமிழ் எழுதிய முந்திய தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழை ஒவ்வொரு விதமாகக் குறியிட்டது. உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு நண்பரின் கணினியில் இல்லையென்றால், நீங்கள் அனுப்பிய கட்டுரை அவருக்கு ஆங்கில எழுத்தும் விசித்திரக் குறியுமாகத் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்க்கப் பலர் உழைத்தார்கள். இணையத்தில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி. தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு 1997இல் நடந்ததும் இங்கேதான். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. பிறகு யூனிகோட் பரவலானதும் எல்லாக் கணினியும் ஒரே குறியீட்டில் தமிழைப் படிக்கத் தொடங்கின.

ஆனால் பழைய எழுத்துருவில் தட்டி வைத்த கவிதை, கோயில் மலர், குடும்பக் கடிதம் எல்லாம்? மாற்றியவர்களுக்கு இருக்கிறது. மாற்றாதவர்களின் வட்டுகளில் இன்னமும் குறிகளாகக் கிடக்கின்றன. தாத்தாவின் பழைய கோப்பைத் திறந்து "என்ன இது, வைரஸா?" என்று கேட்ட பேரப்பிள்ளைகள் உண்டு.

ஒரு நிறுவனத்துக்கு மட்டும் புரியும் வடிவத்தில் குறிப்பெழுதும்போது நாமும் அதே நிலையை நோக்கித்தான் போகிறோம், மெதுவாக.

தமிழில் தேடிப் பாருங்கள்

இருமொழியில் குறிப்பெடுப்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. செயலிகளை மதிப்பிடும் ஆங்கிலக் காணொளிகளில் இதைப் பார்க்க முடியாது. தமிழில் எழுதிய குறிப்பைத் தேடினால் கிடைக்கிறதா?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடினால் கிட்டத்தட்ட அதே வடிவில் கிடைத்துவிடும். தமிழ்ச் சொல்லோ வேற்றுமை உருபு சேரும்போது உடலையே மாற்றிக்கொள்ளும். "வீடு" என்று தேடுகிறீர்கள். குறிப்பில் "வீட்டில்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. "பாடம்" என்று தேடினால் "பாடத்தை" வராது. இது செயலியின் பிழை என்று சொல்லமுடியாது. அது எழுத்துகளை ஒப்பிடுகிறது, இலக்கணம் படிக்கவில்லை. தப்பிக்கும் வழி எளிது: சொல்லின் மாறாத தொடக்கத்தை மட்டும் தட்டுங்கள். "பாட" என்று தேடினால் இரண்டும் வரும். கூடவே பாடகியும் வருவார், பரவாயில்லை.

இன்னொரு வேறுபாடு செயலிக்குச் செயலி மாறும். சில செயலிகள் சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும். சில சொல்லின் நடுவிலும் தேடும். "தமிழ்ப்பாடம்" என்று சேர்த்து எழுதிவிட்டு "பாடம்" என்று தேடிப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்க்கும் செயலியில் அது அகப்படாது. தமிழில் நாம் சொற்களைச் சேர்த்தெழுதும் பழக்கம் அதிகம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. "கொடி" என்ற சொல்லில் உள்ள "கொ" எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரத்துக்கான ஒரே குறியாக வைக்கலாம்; அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல செயலி இரண்டையும் சமமாக்கிவிட்டுத் தேடும். மற்றவை "அப்படியொரு சொல்லே இல்லை" என்று சாதிக்கும். பழைய ஆவணத்திலிருந்து ஒட்டிய பத்தியில் இந்தச் சிக்கல் வரலாம். உங்கள் குறிப்பில் கண்ணெதிரே இருக்கும் ஒரு சொல்லைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்தச் சொல்லை அழித்துவிட்டு மறுபடி தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தட்டச்சு பற்றியும் ஒரு வரி. தனியாக எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11இல் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு விசைமுறைகளும் உள்ளேயே இருக்கின்றன. மேக் கணினியில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறை உள்ளது. எந்தச் செயலியில் தமிழ் தட்டும்போது எழுத்து குதிக்கிறது, எதில் சீராக விழுகிறது என்பதை ஒரு பத்தி எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிடிஎஃப் போதாதா?

போதாது. எந்தச் செயலியும் பெருமையாகக் காட்டும் வெளியேறும் வழி அதுதான், ஆனால் அது அச்சடித்த தாள் மாதிரி. படிக்கலாம், திருத்த முடியாது. தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பல நேரம் கொம்பு ஒரு பக்கம், மெய்யெழுத்து ஒரு பக்கம் என்று சிதறி விழும். கோப்பு எழுத்தின் வடிவத்தை நினைவில் வைத்திருக்கிறது, வரிசையை மறந்துவிடுகிறது.

மார்க்டவுன், எச்டிஎம்எல், வெறும் எழுத்துக் கோப்பு என்று ஏதாவது ஒன்றாக வெளியே வந்தால் நல்லது. நோஷன் மார்க்டவுனாகக் கொடுக்கும். அட்டவணைகளைச் சிஎஸ்வி கோப்பாகக் கொடுக்கும். ஆனால் அட்டவணைகளுக்கு இடையே நீங்கள் போட்டுவைத்த இணைப்பும் வண்ணமயமான காட்சிகளும் அப்படியே வராது. கூகல் கீப்பில் தனியாகப் பொத்தான் இல்லை. கூகல் டேக்அவுட் வழியாகப் போனால் எல்லாக் குறிப்பும் எச்டிஎம்எல்லாகக் கிடைக்கும். ஜாப்ளின் என்று ஒரு திறந்த மூலச் செயலி இருக்கிறது. தோற்றத்தில் கவர்ச்சி கிடையாது. ஆனால் மார்க்டவுனாக வெளியேறும், எவர்நோட் கோப்புகளை உள்ளே வாங்கும், நீங்கள் விரும்பினால் ஒத்திசைக்கும்போது முழு மறையாக்கமும் செய்யும். எவர்நோட்டிலிருந்து வெளியேற நினைப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. ஒத்திசைவின் வேலை எல்லாச் சாதனத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. நீங்கள் தவறுதலாக ஒரு பக்கத்தை அழித்தால், அது விசுவாசமாக எல்லா இடத்திலும் அழிக்கும். குப்பைத்தொட்டியில் சிலகாலம் இருக்கும். பக்கத்தின் பழைய வடிவம் நோஷன் இலவசத் திட்டத்தில் 7 நாள்வரைதான். பத்தாவது நாள் நினைவுக்கு வந்தால்?

காப்புப் பிரதி என்பது தனியாக, அந்தச் செயலி தொடாத இடத்தில் இருப்பது. ஒரு யூஎஸ்பி வட்டு, அல்லது வேறொரு மேகச் சேவை. வாரம் ஒருமுறை எடுப்பது நல்லது என்று சொல்வார்கள், யாரும் செய்யமாட்டார்கள். பள்ளித் தவணை முடியும் ஒவ்வொரு முறையும் எடுங்கள். ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அது செய்யக்கூடியது.

குறிப்புச் செயலியில் மறைச்சொற்கள், சிங்பாஸ் விவரம், அடையாள அட்டையின் படம் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும் நகலில் அவையும் சேர்ந்து வந்துவிடும். மறைச்சொல்லுக்கென்றே தனிச் செயலிகள் இருக்கின்றன.

வேலைப் பட்டியலும் குறிப்பும் ஒரே இடத்திலா?

எல்லாம் ஒரே செயலியில் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை! ஆனால் இரண்டுக்கும் ஆயுள் வேறு. "வெள்ளிக்கிழமை அறிக்கை சமர்ப்பி" என்பது வெள்ளிக்கிழமையோடு செத்துப்போகும். அந்த அறிக்கைக்காகப் படித்துச் சேர்த்த குறிப்பு இரண்டு ஆண்டு கழித்தும் உதவும். சாவதையும் வாழ்வதையும் ஒரே பெட்டியில் போட்டால் பெட்டி சீக்கிரம் குப்பையாகிவிடும். அதனால் வேலைப் பட்டியலுக்குச் சாதாரணமான ஒன்று போதும் என்பது என் கருத்து: மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகல் டாஸ்க்ஸ், ஆப்பிள் ரிமைண்டர்ஸ். பணம் கொடுக்கத் தயார் என்றால் டூடூயிஸ்ட், டிக்டிக். பட்டியல் தொலைந்தால் ஒரு மாலையில் மறுபடி எழுதிவிடலாம் என்பதால் வெளியேறும் வழி பற்றி இங்கே அவ்வளவு கவலை வேண்டாம். நேரம் குறித்த எதுவும் நாட்காட்டிக்குப் போகட்டும்.

செயற்கை நுண்ணறிவு? கூகலின் நோட்புக்எல்எம் போன்றவை நீங்கள் கொடுக்கும் ஆவணங்களைப் படித்துச் சுருக்கித் தரும். தேர்வுக்குமுன் உதவும். ஆனால் அது குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டும் இடம். குறிப்பின் வீடு வேறெங்காவது இருக்கவேண்டும்.

நேரத்தைத் தின்னும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை முழுவதும் நோஷனில் டெம்ப்ளேட் தேடி, வண்ணம் மாற்றி, அட்டைப்படம் வைத்து, இரவு பதினொரு மணிக்குப் பார்த்தால் ஒரு வரிகூடப் படித்திருக்கமாட்டோம். படித்தமாதிரி திருப்தி மட்டும் இருக்கும். அப்சிடியனில் பிளகின் தேடுபவர்களுக்கும் இதே கதைதான்.

சரி, எதைத்தான் எடுப்பது?

கையால் எழுதுவதும் வரைவதும் அதிகம் என்றால் ஒன்நோட், சொந்தக் கணக்கில். குழு வேலைக்கு நோஷன். வேலை முடிந்ததும் ஒரு நகல் வெளியே. பல ஆண்டு வைத்திருக்க நினைக்கும் எழுத்துக் குறிப்புக்கு, குறிப்பாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து எழுதுபவர்களுக்கு, அப்சிடியன் அல்லது ஜாப்ளின். எல்லாச் சாதனமும் ஆப்பிள் என்றால் ஆப்பிள் நோட்சை விட்டு வேறெங்கும் அலையவேண்டிய அவசியம் இல்லை. கணினி பழையது, நினைவகம் 8 கிகாபைட்தான் என்றால் ஒன்றைக் கவனிக்கவும்: நோஷன், அப்சிடியன் இரண்டும் உள்ளே ஓர் உலாவியை வைத்துக்கொண்டு இயங்குபவை. உலாவியில் இருபது தாவல் திறந்து வைத்துக்கொண்டு இவற்றையும் ஓட்டினால் கணினி திணறும்.

முடிவெடுக்குமுன் கால் மணி நேரச் சோதனை ஒன்று செய்யுங்கள். மூன்று குறிப்பு எழுதுங்கள்: ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில், ஒன்றில் படமும் அட்டவணையும். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடுங்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அந்தச் செயலியைத் தொடாமல் வேறொன்றில் திறந்து படியுங்கள். எது உடைகிறது என்று பாருங்கள். படம் மட்டும் தனியாக வந்தால் சகித்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்து உடைந்தால், அந்தச் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மாறுவது என்று தீர்மானித்துவிட்டால், பழைய குறிப்பு முழுவதையும் ஒரே நாளில் இடம் மாற்ற முயலவேண்டாம். ஒரு முழு நகல் எடுத்து வட்டில் வைத்துவிட்டு, புதிய இடத்தில் புதிய குறிப்புகளை எழுதத் தொடங்குங்கள். பழையது ஒன்று தேவைப்படும்போது அதை மட்டும் கொண்டுவாருங்கள். பாதிக்குமேல் தேவைப்படவே படாது. பழைய கணக்கை ஒரு தவணையாவது மூடாமல் வைத்திருங்கள். அதற்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தால், தானாகப் புதுப்பிக்கும் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.